ஓர மரங்கள்

குன்றத்தூர்
ஜூலை 14

அண்ணாவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்று கங்கா அண்ணி சொன்னார்கள். தபாலை பிளாக் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன். ஃபோனில் கிடைத்திருந்தாலும் பாதி சொல்வதற்குள் எனக்கு வாய் அடைத்துப் போயிருக்கும். அது உனக்குத் தெரியாததல்ல.

எங்கள் கம்பெனி யார்டில் நடந்ததைப் பற்றித்தான். நம் நிலத்துத் தேக்கை ஏற்றிக்கொண்டு நீ ஒரகடம் வரப்போவது எனக்குத் தெரியாது. கதவு நிலைக்கு வரும் கட்டைகளைத் தரம் பார்ப்பது என் வேலை. டேப்பும் சாக்பீஸுமாக நான் நிற்கிறேன், நீ லாரியிலிருந்து இறங்குகிறாய். யார்டு சூப்பர்வைசர் பாபு சார் ஒரு கட்டையைக் காலால் உருட்டிவிட்டு, "இன்னா தலைவா, தேக்குன்னு சொல்லிட்டு ஊதுபத்திக் குச்சி ஏத்திகினு வந்துகீற?" என்றார். லோடுமேன்கள் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் டேப்பைப் பார்த்தேன்.

பேசியிருந்தாலும் தரம் மாறியிருக்காது. ஆனால் இவர் என் அண்ணன் என்று சொல்லியிருக்கலாம்.

பாபு சார் உருட்டிவிட்ட கட்டை நீ போன பிறகும் அங்கேயே கிடந்தது, அதன் வெட்டுமுகத்தைத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். நடுவில் முதல் சில வளையங்கள் விரல் அகலத்துக்கு இருந்தன. அப்பா நட்டு, ஏரிக் கால்வாயிலிருந்து தண்ணீர் கட்டிய வருஷங்கள் அவை. அதற்கப்புறம் வளையங்கள் நெருங்கி நெருங்கி நூல் மாதிரி ஆகிவிட்டன. ஆறடிக்கு ஆறடி நட்டால், கிளையோடு கிளை தொடும் வருஷத்தில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்துவிட வேண்டும். மிச்சம் நிற்பது பருக்கும், உள்ளே வைரம் ஏறும். அப்பா ஒன்றைக்கூட எடுக்கவிடவில்லை. மரம் பார்க்க வந்த ஆளிடம், "பெத்த புள்ளைங்கள்ல எத்த வெட்டச் சொல்ற?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? எல்லாப் பிள்ளையும் அரைவயிற்றோடு வளர்ந்துவிட்டன. இத்தனை வருஷத்து மரத்தில் வைரம் கட்டைவிரல் பருமன்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் வெள்ளை.

நான் எழுத வந்தது வேறு. "ஓரத்துல தடிச்சது கீதுல்ல, அத்த கொண்டா" என்று பாபு சார் உன்னை அனுப்பினார். நீ அதைச் செய்யப் போகிறாய் என்று அண்ணி சொன்னார்கள். செய்யாதே அண்ணா. வெட்டுவதென்றால் உள்ளே நெருக்கமாக இருப்பதில் கொஞ்சம் கொஞ்சமாக எடு. ஓர மரங்களை விட்டுவிடு.

ரஞ்சனி


சேரப்பணஞ்சேரி
ஜூலை 23

ரஞ்சனிக்கு,

கடிதம் வந்தது. இந்தத் தெருவுக்கு பேங்க் நோட்டீஸ் தவிர ஒன்றும் வராது. போஸ்ட்மேன், "யாருப்பா கைப்பட எழுதுறது?" என்று கேட்டார். என் தங்கச்சி, பெரிய ஆபீசர் என்றேன்.

ஓர வரிசை நாலு பக்கமும் வெட்டியாகிவிட்டது. உங்கள் யார்டுதான் எடுத்துக்கொண்டது. கணு கணு என்று பாபு மூக்கைச் சுளித்தான், ஆனாலும் எடுத்துக்கொண்டான். ரசீதில் தரம் பார்த்தவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. வெட்டாதே என்று எனக்கு எழுதுகிறாய், வெட்டி வந்ததற்குக் கையெழுத்தும் போடுகிறாய். இதில் எந்த ரஞ்சனி என் தங்கச்சி?

நான் பத்தாவதோடு நின்று கம்பெனி பஸ் ஏறினேன். நீ மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்குப் போய் மரத்தைப் படித்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு லாரிக்குப் பக்கத்தில் நின்றபோது, படிக்க வைத்தது நம்மைத் தெரியாத மாதிரி நிற்பதற்குத்தானா என்று தோன்றிவிட்டது.

போன மாதம் கம்பெனியில் நான் வேலை பார்த்த லைனையே மூடிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரையும் ஒரே ஷிப்டில் அனுப்பிவிட்டார்கள். இதை கங்கா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சொல்லாதே என்றேன். தோப்புக்கு நடுவில் இரண்டு வரிசையை வழித்துவிட்டு லைன் வீடு கட்டப் போகிறேன். நாலு ரூம், ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். இரண்டு பக்கமும் தேக்கு நிழல். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து தகரத்தடியில் வேகிறவன் போட்டி போட்டுக்கொண்டு வருவான்.

அப்பா மரத்தை வெட்டவில்லை என்று தப்பு சொல்கிறாய். நான் வெட்டுகிறேன், அதுவும் தப்பு என்கிறாய்.

மோகன்


குன்றத்தூர்
ஆகஸ்ட் 10

அண்ணாவுக்கு,

வேலை போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கையெழுத்து என்னுடையதுதான். ஓரக் கட்டைகள் வந்த அன்று பட்டையைப் பார்த்ததுமே நம்முடையது என்று தெரிந்துவிட்டது. வெட்டி வந்த மரத்தைத் திருப்பி அனுப்பி என்ன செய்ய?

போன ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரி வரை வந்தேன். ஸ்டாப்பில் இறங்கி ரோட்டில் நின்றே தோப்பைப் பார்த்தேன். நீ அஸ்திவாரத்தில் நின்று மேஸ்திரியிடம் கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாய். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வரும் வழியெல்லாம் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். கோபப்பட்டாலும் கடைசிவரை படி.

ஓர மரம் ஏன் தடித்திருந்தது? வெளிச்சம் கிடைத்தது ஒரு காரணம். இன்னொன்று காற்று. கன்றாக இருந்த நாளிலிருந்து காற்று அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தது. ஆடி வளர்ந்த மரம் அடியில் பருக்கும், வேரை அகலமாக ஓடவிடும், கிளையைத் தாழ்வாக வைத்துக்கொள்ளும். அந்தக் கிளைகள்தான் பலகையில் கணுவாக வருகின்றன. குறை என்று நான் எதைச் சுற்றி சாக்பீஸில் வட்டம் போடுகிறேனோ, அதுதான் அந்த மரத்தை நிறுத்தி வைத்திருந்தது.

உள்ளே இருப்பவற்றுக்குக் காற்றே தெரியாது. வெளிச்சத்துக்காக மேலே மேலே ஓடியிருக்கின்றன. கணு இல்லாத, நேரான, ஒல்லியான மரம். உச்சியில் ஒரு கொத்து இலை. அவை தனியாக நின்று பழகவில்லை. ஆடினால் பக்கத்து மரத்தின்மேல் சாய்ந்து திரும்பும். இப்போது சுற்றி மதிலாக நின்ற ஓர மரங்களையும் எடுத்துவிட்டாய், நடுவில் ஒரு சந்தும் திறந்துவிட்டாய். அந்தச் சந்தில் ஆட்களைப் படுக்க வைக்கப் போகிறாய்.

நம் நிலம் ஏரிக்குக் கீழே இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர். வேர் அதற்குக் கீழே இறங்கியிருக்காது. தேக்கு புயல் காலத்தில் இலை உதிர்க்கவும் செய்யாது. முறம் முறமாக விரித்து வைத்துக்கொண்டு நிற்கும்.

ஆளில்லாமல் விட்டால் விழுவது விழும், நிற்பது சில வருஷத்தில் அடி பருத்துக் காலூன்றிக்கொள்ளும். ரூம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், படுத்தால் ரூமை எட்டும் மரம் எதையும் விட்டு வைக்காதே. நிழல் போகும். போகட்டும்.

ரஞ்சனி


சேரப்பணஞ்சேரி
செப்டம்பர் 6

ரஞ்சனிக்கு,

நாலு ரூமும் நிரம்பிவிட்டது. மூன்றில் ஒடிசாப் பையன்கள். நாலாவதில் உங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற பேச்சிராஜ், தூத்துக்குடிப் பக்கம். பெண்டாட்டியோடு வந்திருக்கிறான். வந்த அன்றே வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, "அண்ணாச்சி, ஏசி இல்லாத குறையே தெரியல" என்றான். எதிர்த் தெரு ஐயனார் வந்து பார்த்துவிட்டு, "இன்னா மோகன், ஊட்டி மாதிரி கீதே" என்று வாயைப் பிளந்தான்.

உன் கடிதத்தைக் கடைசிவரை படித்தேன். கங்காவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் பயந்துவிட்டாள். அதற்குத்தான் எழுதினாயா? நிழலை வெட்டிவிட்டால் இந்த ரூமுக்கு எவன் வருவான்? ஷீட்டுக்கு மேலே வெயில் நேராக இறங்கினால் உள்ளே இட்லி வேகும்.

பதினெட்டு வருஷமாக எத்தனை புயல் பார்த்த தோப்பு இது. ஒரு மரம் விழுந்திருக்கிறதா சொல். சாயங்காலம் கொஞ்சம் காற்று வந்தால் உச்சியெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, மெதுவாகத் திரும்பி, மறுபக்கம் சாய்கிறது. முன்பு இப்படி ஆடிப் பார்த்ததில்லை. கட்டிலில் படுத்துப் பார்த்தால் நெல் வயல் மாதிரி இருக்கிறது. பூஜா கைதட்டுகிறாள். "அத்தைக்கு வீடியோ அனுப்புப்பா" என்றாள். அத்தை பிஸி என்று சொன்னேன்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பேச்சிராஜ் காதில் போய் எதையாவது ஊதி வைக்காதே.

மோகன்


குன்றத்தூர்
அக்டோபர் 18

அண்ணாவுக்கு,

வேறு யாரும் சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே எழுதுகிறேன். ஊதிவிட்டேன்.

பேச்சிராஜைக் கேன்டீனில் தினமும் பார்ப்பேன். உன் பெயரைச் சொல்லி, ஹவுஸ் ஓனர் தங்கச்சி என்று எனக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், தட்டைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். உன் பேச்சுக்குப் பயந்தேன் என்று நினைக்காதே. என் இயல்பே அதுதான்.

நேற்று முன்தினம் மழைக்கு முன் ஒரு காற்று அடித்ததே, அப்போது யார்டில் அடுக்கியிருந்த பலகைமேல் போட்ட தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போனது. பேச்சிராஜ் அதைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து, "எங்க வீட்டுல இந்தக் காத்துக்கு மரமெல்லாம் டான்ஸ் ஆடும் மேடம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்ன என்று கேட்டார்.

"அந்த ரூம காலி பண்ணிடுங்க அண்ணா" என்றேன்.

"எதுக்கு? உங்க அண்ணாச்சி ஏதும் சொன்னாவளா?"

"அவரு சொல்லல. அந்த மரங்க நிக்காது."

அவர் மிச்சக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "உங்க சொந்த அண்ணன் வீட்ட நீங்களே காலி பண்ணச் சொல்லுதீங்க. அப்ப நெசமாத்தான் இருக்கும்" என்றார்.

வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வேறு ரூம் பார்க்கப் போய்விட்டார். ஒடிசாப் பையன்களிடமும் சொல்வதாகச் சொன்னார். சொல்ல வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை.

நீ என்னைத் திட்டலாம். அவர்கள் இல்லாமல் ரூம்கள் சும்மா நிற்கட்டும். மழைக்காலம் முடியும்வரை மட்டும்.

ரஞ்சனி


சேரப்பணஞ்சேரி
அக்டோபர் 26

ரஞ்சனி,

நாலு ரூமும் காலி. கடைசியாகப் போனவன் சாவியை என் கையில்கூடத் தரவில்லை. கதவில் தொங்கவிட்டுப் போய்விட்டான். டீக்கடையில் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடுகிறது. ஆளைக் கொல்கிற ரூம் கட்டியவன் என்று பெயர் வந்துவிட்டது. வேறு யாரும் வைத்த பெயர் இல்லை, கூடப் பிறந்தவள் வைத்தது.

இதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. நேற்று முதல் ரூமில் என் கட்டிலைப் போட்டுவிட்டேன். இனிமேல் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். மழைக்காலம் முழுக்க இருப்பேன். தை பிறந்து நான் முழுசாக வெளியே வந்தால், ஊரும் பார்க்கும், நீயும் பார்ப்பாய்.

கங்கா அழுகிறாள். அவளுக்கு நீ ஃபோன் செய்து கண்டதைச் சொல்லாதே. இனி எனக்கு எழுதவும் வேண்டாம்.

மோகன்


குன்றத்தூர்
நவம்பர் 16

அண்ணாவுக்கு,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

நான் வந்து ரூம் வாசலில் நின்றது உனக்குத் தெரியும். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று அண்ணி சொன்னார்கள். தூங்குகிறவன் கால் விரலை ஆட்ட மாட்டான். உள்ளே வந்து உன்னை எழுப்பி உட்கார வைக்க என்னால் முடியவில்லை. அதனால் தோப்பைச் சுற்றி வந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

உன் ரூமுக்கு வடக்கே உள்ள வரிசையில் ஒரு மரம் இன்னொன்றின்மேல் சாய்ந்துவிட்டது. இரண்டும் உரசிய இடத்தில் பட்டை போய் வெள்ளை தெரிகிறது. தாங்கி நிற்பதும் சாய்ந்து நிற்பதும் ஒரே பருமன். காற்றே இல்லாத நேரத்தில் நின்றேன், ஆனாலும் மேலே எங்கோ கட்டை முனகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உனக்கு அது பழகியிருக்கும். பழகியதுதான் எனக்குப் பயம்.

பாபு சாரிடம் பேசினேன். நானாகப் போய்ப் பேசினேன். யார்டில் லோடுமேன்கள் எல்லோரும் இருக்கும்போது, "அன்னிக்கு வந்தவரு எங்க அண்ணன் சார்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?" என்று கேட்டார். ரூமைச் சுற்றியுள்ள மரங்களைப் பக்குவமாகக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆட்களை அவர் அனுப்புகிறார். மெல்லிய கட்டையைப் பந்தல்காரர்கள் எடுத்துக்கொள்வார்களாம். மழை இரண்டு நாள் விட்டால் வந்துவிடுவார்கள்.

அதுவரைக்கும் வீட்டில் போய்ப் படு. நீ தோற்றாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால், தங்கச்சி காலைப் பிடித்துக் கெஞ்சினாள், அவளுக்காகப் போனேன் என்று சொல். நான் கெஞ்சுகிறேன் என்று இதில் எழுதியே வைத்திருக்கிறேன், எல்லோருக்கும் காட்டு.

ரஞ்சனி


சேரப்பணஞ்சேரி
நவம்பர் 27, மதியம்

அன்புள்ள ரஞ்சனிக்கு,

அன்றைக்கு நான் தூங்கவில்லை. நீ வாசலில் நின்ற நேரம் முழுக்க, உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்றுதான் படுத்திருந்தேன். நீ யார்டில் எல்லோர் முன்னாலும் என்னை அண்ணன் என்று சொன்னதைப் படித்த பிறகு, இந்த ரூமில் நான் எதற்காக இருக்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கட்டிலை எடுத்துக்கொண்டு தெரு வழியாக வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது. ஆட்கள் வந்து மரத்தை இறக்கட்டும், அந்தச் சாக்கில் போய்விடலாம் என்று இருந்தேன். மழை விடவே இல்லை.

புயல் சின்னம் நேற்றுதான் இந்தப் பக்கம் திரும்பியதாம். காலையிலிருந்து கரண்ட் இல்லை, ஃபோன் செத்துவிட்டது. இல்லையென்றால் உன்னை பிளாக்கிலிருந்து எடுத்துப் பேசியிருப்பேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கங்கா காலையில் வந்து சொன்னாள். இங்கே அஸ்திவாரம் உயரம், ஷீட்டும் புதுசு, ஒழுகாது. மதியத்துக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு பூஜாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு, மழை நிற்கும்வரை மூன்று பேரும் இங்கேயே இருப்போம் என்று நான்தான் சொன்னேன். அவள் மேலே மரத்தைப் பார்த்தாள். பிறகு சமைக்கப் போனாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு நேரே உள்ள மரத்தின் அடியில் மண் அசைகிறது. காற்று வேகமாக வரும்போது வேரைச் சுற்றி ஒரு பெரிய தட்டு அளவுக்குத் தரை மேலே எழும்புகிறது. காற்று குறைந்தால் மறுபடி படிந்துவிடுகிறது. படியும்போது ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் குமிழ் விடுகிறது. முதலில் ஏதோ தவளை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் பக்கத்து மரத்திலும் அப்படியே. அதற்குப் பக்கத்திலும். தரை மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. இது எதனால் என்று கேட்க நினைத்தேன். எழுதிக்கொண்டு வரும்போதே தெரிந்துவிட்டது, வேர் பிடி விடுகிறது. மரத்தைப் படித்தவளிடம் கேட்க வேண்டியதில்லை.

கங்காவும் பூஜாவும் இங்கே வரக்கூடாது. வீட்டில் முழங்கால் தண்ணீர் இருந்தாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம். அங்கே திறந்து வைத்திருப்பார்கள். நானும் போகிறேன். கட்டில் கிடக்கட்டும். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

கங்கா கிளம்புவதற்கு முன் போய்விட வேண்டும் என்று எழுந்தேன். ஜன்னல் வழியாக மதகுப் பக்கம் நீலக் குடை தெரிகிறது. கிளம்பிவிட்டாள். பூஜாவை இடுப்பில் வைத்திருக்கிறாள், இன்னொரு கையில் தூக்குப் பாத்திரம். குடை மடங்கி மடங்கித் திரும்புகிறது. தலையைக் குனிந்துகொண்டு வருகிறாள், மேலே பார்க்கவில்லை. வரப்பு வழியாக நேரே மரங்களுக்குள்தான் வருகிறாள்.

இங்கிருந்து கத்தினேன். திரும்பவில்லை. காற்றில் கேட்காது. போய்த்தான் நிறுத்த வேண்டும்.